கையில் கட்டி, தட்டினால் கரண்ட்: நரம்புக் கட்டி உள்ளவருக்கும் கூடப் போகிறவருக்கும் ஒரு வழிகாட்டி

முன்கையில் ஒரு கட்டி. பல மாதமாக, சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். சும்மா இருக்கும்போது வலியில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையின் விளிம்பு அதில் இடித்தால் மட்டும் விரல் நுனி வரை கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று ஓடும். "நரம்பு சுருண்டிருக்கு, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்" என்பார் வீட்டுப் பெரியவர். டவுனில் காட்டினால், "கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டுப் பத்து நிமிஷத்தில் எடுத்திடலாம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். இரண்டுக்கும் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

கை, கால், கழுத்து நரம்புகளில் வளரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. மெதுவாக வளரும், உயிருக்கு ஆபத்து செய்யாது. ஆனால் கட்டி நரம்பில் இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால், கட்டி இத்தனை வருடமாகச் செய்யாத கெடுதலை ஒரே நாளில் செய்துவிடலாம். கட்டி போய்விடும், அதோடு விரலின் உணர்வும் போய்விடும். ஆகவே யார் கட்டியைத் தொட வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது நரம்போடு சேர்ந்ததா என்று பார்த்துவிட்டீர்களா?" இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

என்ன கட்டி இது

நரம்பை ஒரு மின்சாரக் கேபிளாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு உறை, உள்ளே பல மெல்லிய இழைகள். ஒரு இழை கட்டைவிரலை மடக்கச் சொல்லும், இன்னொன்று சுட்டுவிரல் நுனியின் தொடு உணர்வைக் கொண்டுவரும். இழைகளைச் சுற்றிக் காப்பாக இருப்பவை ஷ்வான் செல்கள்.

அந்தச் செல்களிலிருந்து வளருவது ஷ்வானோமா. பெரியவர்களுக்கு வரும் நரம்புக் கட்டிகளில் அதிகம் காண்பது இதுதான். பெரும்பாலும் ஒரே ஒரு இழையில் தொடங்கி, மற்ற இழைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தனக்கென்று ஒரு தோலோடு உருண்டையாக வளரும். அடுத்தது நியூரோஃபைப்ரோமா. இதில் இழைகள் கட்டிக்கு உள்ளேயே கலந்து கிடக்கும். முதலாவதை உரித்து எடுப்பது பெரும்பாலும் முடிகிற காரியம். இரண்டாவதில் எதை விடுவது, எதை வெட்டுவது என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒவ்வொரு இழையாக யோசிக்க வேண்டியிருக்கும். ஒபரேஷனைப் பற்றிப் பின்னால் வரும் முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

கட்டி போலத் தெரிந்தாலும் உண்மையில் கட்டி இல்லாதவையும் உண்டு. கவ்வாத்துக் கத்தி வெட்டிய பழைய தழும்புக்குக் கீழே, தொட்டாலே துள்ள வைக்கும் ஒரு முடிச்சு வரலாம். வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி வளரப் பார்த்து, வழி தெரியாமல் சுருண்டதால் வருவது அது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில், மூட்டு நீர் நரம்புக்குள் கசிந்து பையாகத் தேங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் செய்வதும் உண்டு. இவற்றுக்கு வைத்தியம் வேறு.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது

கட்டியை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அப்புறம் நீளவாக்கில், முழங்கைப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் தள்ளிப் பாருங்கள். நரம்புக் கட்டி பக்கவாட்டில் அசையும், நீளவாக்கில் அசையாது, ஏனென்றால் நரம்பு அதை மேலும் கீழும் பிடித்து வைத்திருக்கிறது. கொழுப்புக் கட்டி எந்தப் பக்கம் தள்ளினாலும் வழுக்கும். தோலுக்குள் வரும் மாவுக் கட்டி தோலோடு ஒட்டியே நகரும், நடுவில் ஒரு கரும்புள்ளியும் இருக்கலாம்.

அடுத்து, ஒரு விரலால் கட்டியின் மேல் இலேசாகத் தட்டுங்கள். கரண்ட் ஓடுகிறதா? எந்த விரலுக்கு ஓடுகிறது? முதலாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களின் நரம்புகளைச் சோதித்து, பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜூல் டினெல் 1915இல் இந்த அறிகுறியை எழுதிவைத்தார். ஸ்கேன் மெஷின் எல்லாம் வந்த பிறகும் கிளினிக்கில் முதலில் செய்வது இதைத்தான். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் பக்கம் ஓடினால் ஒரு நரம்பு; சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் ஓடினால் வேறு நரம்பு; புறங்கைப் பக்கம் என்றால் இன்னொன்று. ஒரு தாளில் கையை வைத்து வரைந்து, கரண்ட் ஓடும் இடத்தைப் பேனாவால் நிழலடித்துக் கொண்டுபோங்கள். கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் பத்து வாக்கியம் பேசுவதைவிட அந்தத் தாள் உதவும். திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்க வேண்டாம், ஒருமுறை போதும். நீவுவது, சூடு ஒத்தடம் வைத்து அழுத்துவது எதுவுமே வேண்டாம். நீவிக் கரையும் கட்டி இல்லை இது.

கொழுந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். நாள் முழுக்க விரலால் கிள்ளுவதால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு, கட்டி எதுவும் இல்லாமலே கட்டைவிரல் பக்கம் மூன்று விரலும் மரத்துப்போகலாம். இரவில் எழுப்பிவிடும், கையை உதறினால் கொஞ்சம் தணியும். அது வேறு பிரச்சினை, ஆனால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நரம்புக் கட்டி கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருந்துகொண்டு இதே மாதிரி நடிப்பதும் உண்டு. கணுக்காலின் உள்பக்கம் இருக்கும் சிறிய கட்டி வருடக்கணக்கில் "வாதம்" என்ற பெயரில் தைலம் பூசிக்கொண்டிருக்க வைக்கும்.

சட்டையைக் கழற்றி உடம்பையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு காரணம்.

முதலாவது, தொழுநோய். இலங்கையில் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை, இன்றும் புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அதிலும் நரம்பு தடிக்கும்: முழங்கையின் பின்னால், காதுக்குக் கீழே கழுத்தில், முழங்காலின் வெளிப்பக்கத்தில். ஆனால் பெரும்பாலும் உருண்டையாக இராது, கயிறு போல நீளமாகத் தட்டுப்படும். உடம்பில் எங்கேயாவது உணர்வில்லாத, நிறம் வெளுத்த ஒரு தேமலும் இருக்கலாம். அப்படி இருந்தால் கட்டி வைத்தியத்துக்கு முன் தோல் கிளினிக். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் சிகிச்சை முடிந்துவிடும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் கை மடங்கிப்போகும்.

இரண்டாவது, பால் கலந்த கோப்பி நிறத்தில் தட்டையான மச்சங்கள். ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கும். ஆறு அல்லது அதற்கு மேல் இருந்து, சிறு பிள்ளைகளில் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டரைவிடவும் பருவமடைந்தவர்களில் 15 மில்லிமீட்டரைவிடவும் பெரிதாக இருந்தால் கவனிக்க வேண்டும். அக்குளில் சிறு சிறு புள்ளிகளும், தோலில் மெத்தென்ற சின்னக் கட்டிகள் பலவும் கூட இருந்தால் அது என்.எஃப்.1 என்ற பரம்பரை நோயாக இருக்கக்கூடும். இதை விரிவாக எழுதிய ஜெர்மன் வைத்தியர் ஃபொன் ரெக்லிங்ஹவுசனின் (1882) பெயராலும் அழைப்பார்கள். ஏறக்குறைய 3000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை; மரபணு மாற்றம் புதிதாக அவர்களிடமே தொடங்கியிருக்கும். ஆகவே "எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே" என்பது இதில் பதிலாகாது. செய்வினை, சாபம் என்று சொல்லி அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இது ஒட்டாது, தொற்றாது.

அவசரம் எப்போது

நரம்புக் கட்டிக்குப் பொதுவாக அவசரமில்லை. ஆனால் சில அறிகுறிகள் வந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காதீர்கள்: சில வாரங்களிலேயே கட்டி கண்ணுக்குத் தெரிய வளர்வது, தொடாமலே, இரவில் தூங்கவிடாமல் வலிப்பது, மெத்தென்று இருந்தது கல்லாக இறுகுவது, கையோ காலோ புதிதாகப் பலவீனமாவது, 5 சென்டிமீட்டரைத் தாண்டிய அளவு. என்.எஃப்.1 உள்ளவரிடம் இவை தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்புக் கட்டி புற்றாக மாறும் ஆபத்து இருக்கிறது. தனியாக வரும் ஷ்வானோமா அப்படி மாறுவது மிக மிக அரிது.

எந்தக் கதவைத் தட்டுவது

தோட்டத்து டிஸ்பென்சரியில் இதற்கு வைத்தியம் இல்லை. ஆனால் அங்கே போகாமல் தாண்டிவிட வேண்டாம். கடிதம் வாங்கலாம், வேலைக்குப் போகாத நாளுக்குப் பதிவும் இருக்கும், பிறகு காயத்துக்குக் கட்டுப் போடவும் அதே இடத்துக்குத்தான் வரப் போகிறீர்கள். அடுத்தது பக்கத்திலுள்ள ஆதார அல்லது மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தவர்களுக்கு டிக்கோயா, அப்புறம் நுவரெலியா; பசறை, ஹாலிஎல பக்கம் என்றால் பதுளை. நரம்புக் கட்டி என்று சந்தேகம் வந்துவிட்டால் பலருடைய வழியும் கண்டிக்குத்தான். இந்த ஒபரேஷனை நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரோ பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரோ செய்வார். சில இடங்களில் எலும்பியல் நிபுணர். பட்டத்தைவிட, நரம்பைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியோடு நரம்பில் வேலை செய்து பழகிய கையா என்பதே முக்கியம்.

அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம், ஆனால் காத்திருப்பு உண்டு. ஒரேயொரு முறை காசு கொடுத்து சனல் பண்ணி நிபுணரைப் பார்த்து, அவருடைய அரச கிளினிக்குக்கே கடிதம் வாங்கிக்கொள்வது பலரும் செய்வதுதான். அதில் தப்பு ஒன்றுமில்லை.

மொழி ஒரு பெரிய தடை, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. "மரத்துப்போகுது" என்பதற்குப் பதில் "வலிக்குது" என்று மொழிபெயர்க்கப்பட்டால் வைத்தியர் வேறு திசையில் யோசிக்க ஆரம்பிப்பார். சிங்களத்தில் "ஹிரி வட்டெனவா" என்றால் மரத்துப்போகிறது. "கரண்ட் எக்க வதினவா வகே" என்றால் கரண்ட் அடிப்பது போல. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டாலே போதும். கூடப் போகிறவர் சிங்களம் தெரிந்தவராக இருந்தால் நல்லது. அந்த ஆள் நோயாளிக்குப் பதிலாகப் பேசாமல், நோயாளி சொல்வதையே சொல்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்கேன்

முதலில் அல்ட்ராசவுண்ட். வலியில்லை, செலவு குறைவு, பழகியவர் பார்த்தால் கட்டிக்குள் ஒரு முனையில் நரம்பு நுழைவதும் மறுமுனையில் வெளியேறுவதும் தெரியும். ரிப்போர்ட்டில் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் "மென்திசுக் கட்டி" என்று மட்டும் இருந்தால், நரம்போடு தொடர்பு இருக்கிறதா என்று மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. கட்டி எவ்வளவு ஆழம், பக்கத்தில் எந்த இரத்தக்குழாய், நரம்பின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இதில் தெரியும். நடுவில் கறுப்பும் சுற்றி வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தால் அது நரம்புக் கட்டிக்கு ஒரு நல்ல அடையாளம், புற்றில்லை என்ற பக்கம் சாய்வதும்கூட. ஆனால் ஷ்வானோமாவா நியூரோஃபைப்ரோமாவா என்பதை எம்.ஆர்.ஐ. எப்போதும் உறுதியாகச் சொல்லிவிடாது. வைத்தியர் "திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்மையாகப் பேசுகிறார்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும் முன் நாளே நகைகளைக் கழற்றிவிடுங்கள். எத்தனையோ வருடமாகக் கழற்றாத மூக்குத்தியும் தோடும் ஸ்கேன் அறை வாசலில் வைத்துக் கழற்ற வராது, கழற்றாமல் உள்ளே விடவும் மாட்டார்கள். வீட்டில் சவர்க்காரம் போட்டுப் பொறுமையாகக் கழற்றலாம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் தங்கம் எதுவும் கோர்க்காத மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகலாம். உடம்புக்குள் இதயக் கருவி, பழைய ஒபரேஷனில் வைத்த கம்பி, கிளிப் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்றால் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை கேட்கலாம். முன்கூட்டியே செய்துவைத்திருந்தால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

நரம்பில் சிறு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் சிலருக்குச் செய்வார்கள். கட்டி இருந்தும் அது சரியாக வந்துவிடுவது சாதாரணம். ஒபரேஷனுக்கு முன் கை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பதிவாக அது பயன்படும்.

ஊசி போட்டுச் சதை எடுக்கலாமா

எந்தக் கட்டி என்றாலும் உடனே ஊசி குத்திச் சோதிக்க அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நரம்புக் கட்டியில் அது நல்ல வழக்கம் இல்லை. ஊசி நல்ல இழையைக் குத்தலாம், வலி தாங்க முடியாது, உள்ளே இரத்தம் கசிந்து தழும்பாகி, பிறகு உரித்து எடுப்பதைக் கடினமாக்கும். ஸ்கேனும் அறிகுறியும் சாதாரண நரம்புக் கட்டி என்று ஒத்துப்போனால் பெரும்பாலும் ஊசி தேவையில்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் கதை மாறும். அப்போது புற்றா என்று தெரியாமல் கத்தி வைக்கக்கூடாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, எந்த இடத்தில் குத்துவது என்று ஒபரேஷன் செய்யப்போகிறவரோடு பேசி முடிவெடுத்துச் சதை எடுப்பார்கள். ஊசிக்கு எழுதிக்கொடுத்தால் "நரம்புக் கட்டி என்று சந்தேகம் இருக்கிறதே, அப்படியும் ஊசி வேண்டுமா" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கழுத்தின் பக்கவாட்டில் உள்ள கட்டிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அங்கே நெறி கட்டுவதும் சகஜம், காசநோய்க் கட்டியும் வரும், தோளுக்கும் கைக்கும் போகும் பெரிய நரம்புகளும் அங்கேதான். நெறி என்று நினைத்து வெட்டி, தோளைத் தூக்கும் நரம்பு அறுந்துபோவது உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கும் விபத்து.

எடுப்பதா, விட்டுவைப்பதா

வலியில்லை, வளரவில்லை, பலவீனமில்லை, ஸ்கேனும் சாதாரணம் என்றால் விட்டுவைத்துப் பார்ப்பது முழுமையான ஒரு முடிவு. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி ஸ்கேன். வைத்தியர் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். வலி தொல்லை தருகிறது, வளர்கிறது, விரலில் பலம் குறைகிறது, அல்லது என்னவென்று சந்தேகம் தீரவில்லை என்றால் எடுக்கலாம்.

சில கட்டிகளை எடுக்கவே கூடாது. உள்ளங்கை நரம்பில் கொழுப்பும் நாருமாகக் கலந்து வளரும் ஒரு வகை உண்டு. அதை வெட்டி எடுத்தால் நரம்பும் கூடவே வரும். மணிக்கட்டில் நரம்பின் நெருக்கத்தைத் தளர்த்திவிட்டுக் கட்டியை அப்படியே விட்டுவிடுவார்கள். என்.எஃப்.1 உள்ளவர்களுக்கு நரம்புக் கிளைகள் முழுக்கப் பரவி வளரும் பெரிய கட்டியும் அப்படித்தான், முழுதாக எடுக்க முடிவது அரிது. அறுவை செய்ய முடியாத அத்தகைய கட்டி உள்ள சிறுவர்களுக்கு செலுமெடினிப் என்ற மாத்திரையை அமெரிக்கா 2020இல் அங்கீகரித்தது. கட்டியைச் சுருக்குகிறது, ஆனால் விலை மிக அதிகம். அதே என்.எஃப்.1 நோயாளியின் தோலில் இருக்கும் நூறு சின்னக் கட்டிகளையும் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் அர்த்தமில்லை. வலிப்பதை, உடுப்பில் உரசுவதை, வளர்வதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒபரேஷன் அறையில் என்ன நடக்கிறது

பெரும்பாலும் முழு மயக்கம். கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் நரம்பும் மரத்துவிடும். அப்போது எது வேலை செய்யும் இழை என்று சோதிக்க முடியாது. அதே காரணத்துக்காகத் தசையை நீண்டநேரம் தளரவைக்கும் மருந்தையும் மயக்க வைத்தியர் தவிர்ப்பார். "சின்னக் கட்டிக்கு எதுக்கு முழு மயக்கம்" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வெட்டு கட்டியைவிட நீளமாக இருக்கும். கட்டி சிறியது, தழும்பு பெரியது என்று பிறகு வருத்தப்படுவோர் உண்டு. ஆனால் கட்டிக்கு மேலேயும் கீழேயும் நல்ல நரம்பைத் தெளிவாகப் பார்த்துவிட்டுத்தான் கட்டியைத் தொட வேண்டும், அதற்கு நீளம் வேண்டும். பிறகு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அல்லது மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டு, பேனா போன்ற ஒரு கருவியால் கட்டியின் மேற்பரப்பைச் சிறு மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுச் சோதிப்பார்கள். விரல் அசைந்தால் அங்கே வேலை செய்யும் இழை ஓடுகிறது, அந்த இடத்தில் கத்தி வைக்கக்கூடாது. எதுவும் அசையாத ஓர் இடம் கிடைத்ததும் அங்கே உறையை நீளவாக்கில் திறப்பார்கள். குறுக்காக ஒருபோதும் இல்லை. இழைகள் ஓடுவது நீளவாக்கில்தான்.

உறைக்கு உள்ளே சரியான அடுக்கு கிடைத்துவிட்டால் ஷ்வானோமா பளபளவென்று மஞ்சள் வெள்ளையாக வெளியே தெரியும். ஒட்டியிருக்கும் இழைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு முனையில் உள்ளே போகும் ஓர் இழையும் மறுமுனையில் வெளியே வரும் ஓர் இழையும் மிஞ்சும். கட்டி பிறந்தது அதில்தான். அதையும் மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பதில் வராது, எப்போதோ வேலையை நிறுத்திவிட்ட இழை அது. இரண்டு பக்கமும் வெட்டினால் கட்டி முழுதாக வந்துவிடும். முழுதாக எடுத்த ஷ்வானோமா மறுபடி வளர்வது அரிது.

நியூரோஃபைப்ரோமாவில் இவ்வளவு சுலபமாக முடியாது. உள்ளே போகும் இழைகள் பல. சிலது மின்சாரத்துக்குப் பதில் சொல்லும். அப்போது முக்கியமான இழையோடு ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு மீதியை எடுப்பது ஒரு வழி. இழையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் கெண்டைக்காலிலிருந்து ஓர் உணர்வு நரம்பை எடுத்து இடைவெளியில் ஒட்டுப்போடுவது இன்னொரு வழி. அதற்கு விலையாகப் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். இந்த முடிவு மயக்கத்தில் இருக்கும் உங்களிடம் கேட்க முடியாத முடிவு. ஆகவே கையெழுத்து வைக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: "பலம் போகும் என்றால் கட்டி கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை, கை வேண்டும்." கொழுந்து கிள்ளும் கையா, எழுதும் கையா, எந்தக் கை பழக்கம் என்பதையும் சொல்லுங்கள். வேறு நோய்க்குக் குடிக்கும் மாத்திரைகள், முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, சீனி வருத்தம், எல்லாவற்றையும் மயக்க வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு

முதல் சில நாள்களில் விரல்களில் ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல இருப்பது சகஜம். பெரும்பாலும் வாரங்களில் தணியும். எரிச்சல் தாங்க முடியாவிட்டால் அதற்கென்றே நரம்பு வலி மாத்திரைகள் இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரையை அள்ளிப் போடுவதில் பலன் இல்லை. கையைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். கட்டுக்குக் கீழே வேகமாக வீங்கி இறுகினால், விரல் வெளுத்துக் குளிர்ந்தால், நேற்று அசைந்த விரல் இன்று அசையாவிட்டால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மழைக்காலத்தில் காயத்தை நனையாமல் வைப்பதே மலையகத்தில் பாதி வைத்தியம். தையல் பிரிக்கும்வரை, அதாவது பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரை, மலைக்கும் போக வேண்டாம், தோட்டத்து மண்ணிலும் கை வைக்க வேண்டாம்; காலில் ஒபரேஷன் என்றால் அட்டைக்கடியும் கவனம். தையலை டிஸ்பென்சரியிலேயே பிரிக்கலாம் என்று வைத்தியசாலையில் எழுதி வாங்கினால் கண்டிக்கு ஒரு பயணம் மிச்சம்.

மரத்துப்போன விரல் சூட்டை அறியாது. குளிருக்கு அடுப்படியில் கை காய்ச்சுவதும், கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்குவதும் நமக்குப் பழக்கம். உணர்வு திரும்பும்வரை அந்தக் கையால் வேண்டாம். சூடு பார்ப்பதற்கு மற்றக் கை இருக்கிறது.

எப்போது மறுபடி கொழுந்துக்குப் போகலாம் என்பதைக் கங்காணி முடிவு செய்ய முடியாது, நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். சாதாரண ஷ்வானோமா எடுத்து, பலம் குறையாவிட்டால் சில வாரங்களில் இலேசான வேலை தொடங்கலாம். கழுத்திலோ தோளிலோ ஒபரேஷன் என்றால், தலையில் கயிறு மாட்டித் தூக்கும் கூடை கடைசியாக வரட்டும். நரம்பு ஒட்டுப்போட்டிருந்தால் கணக்கே வேறு. நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல் வரை 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பத்து மாதமும் அதற்கு மேலும். அதுவரை மூட்டுகள் இறுகிவிடாமல் இருக்க, பிசியோதெரபியில் சொல்லித்தந்த பயிற்சியை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் செய்வது போதாது. வேலைக்கு மெடிக்கல் எழுதும்போது "கட்டி அகற்றப்பட்டது" என்று மட்டும் இல்லாமல் "நரம்பு சத்திரசிகிச்சை" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கும் பல மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த வார்த்தையில் இருக்கிறது.

இனி, பலர் விட்டுவிடும் விஷயம். எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் ரிப்போர்ட் வர வாரங்கள் ஆகும். காயம் ஆறியதும் பலர் அதைத் தேடிப் போவதே இல்லை. கட்டி என்னவென்று உறுதியாகச் சொல்வது அந்தத் தாள் மட்டும்தான். ஸ்கேன் சொன்னது ஊகம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் ரிப்போர்ட்டுக்கு வர வேண்டிய திகதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாட்டை விட்டு வெளியே வாருங்கள். கார்ட், ஸ்கேன் ரிப்போர்ட், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துப் பிள்ளைகள் இருவரின் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். மழை ஒழுகும் கூரைக்குக் கீழே தாள் நெடுநாள் தாங்காது. ரிப்போர்ட்டில் ஷ்வானோமா என்று வந்து, கட்டியும் ஒன்றே ஒன்றுதான் என்றால், ஓரிரு முறை காட்டிய பிறகு கிளினிக் தேவைப்படாமல் போகலாம். ஷ்வானோமா ஒன்றுக்கு மேல் இருந்தாலோ காது கேட்பது குறைந்தாலோ அது வேறொரு பரம்பரை வகையாக இருக்கலாம், மூளைக்கும் ஒரு ஸ்கேன் தேவைப்படும். நியூரோஃபைப்ரோமா என்று வந்து, உடம்பில் கோப்பி நிற மச்சங்களும் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.